புரூச்சில் இருந்த அம்மன்

மாமா அந்த அம்மனை வாங்கத்தான் என்னைக் கப்பல்துறைக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது அம்மன் இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, இரத்தினசிங்கம். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கல்யாணம் கட்டவில்லை. உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். அவருடைய அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் தகரப் பேணி இருக்கிறது. அதில் பஞ்சு பரப்பி, சட்டையில் குத்துகிற பழைய பவுண் புரூச்சுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாப் புரூச்சும் அவருக்கு வேண்டாம். கமியோ என்கிற வகை மட்டும். பெரிய கடற்சங்கின் ஓட்டை மெல்ல மெல்லச் செதுக்கி, வெள்ளைப் படையில் ஒரு முகத்தை எடுத்து, பின்னால் தவிட்டு நிறத்தை விட்டு, சுற்றிப் பவுண் சட்டம் போட்டது. துறைமுகத்தில் வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் துரைசாணிமார் கழுத்தடியில் குத்திக்கொண்டவை. கப்பலேறும்போது சிலவற்றை ஆயாமாருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுக்காமலே சில தங்கியும் விட்டன.

மாமாவின் தொழிலும் ஆசையும் ஒன்றுக்கொன்று உதவி. மின்விசிறி பூட்ட ஏணியில் ஏறினால் அடுத்தவர் அலுமாரியின் மேல்தட்டு தெரியும். புல்மோட்டையில் ஒரு மீன் முதலாளி வீட்டில் மீற்றர் போர்டு மாற்றப் போனவர், கூலிக்குப் பதில் ஒரு முகத்தோடு வந்தார். “முகம்தான் பிள்ளை சாமான். பவுண் அதுக்கு வேலி” என்பார். ஊரில் யாரும் அப்படி நினைப்பதில்லை. நகைக்கடையில் கொடுத்தால் முதலில் குறட்டால் சங்கைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். எங்கள் அம்மாவே ஒருமுறை மாமாவுக்கு உதவி செய்கிறேன் என்று, தன் காப்புகளோடு சேர்த்து ஒரு கமியோவையும் புளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு மூக்கு இல்லை. சங்கு புளிப்புத் தாங்காது.

“மூக்கு இல்லாட்டி என்ன, பவுண் பவுண்தானே?” என்றார் அம்மா. மாமா அன்று சாப்பிடவில்லை.

கப்பல்துறையில் புஷ்பவதி அன்ரியின் வீட்டுச் சாமி அறையில் லைற் எரியவில்லை என்று மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் அவர் அதைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள், சிவப்புப் பட்டுத்துணி மேல், பெரிய முட்டையளவில் ஒரு பெண்முகம். தலைமயிர் முழுக்கப் பாம்புகள். கழுத்தடியில் இரண்டு பாம்பு முடிச்சுப் போட்டிருந்தது. நெற்றியில் குங்குமம். அந்த வீட்டுப் பாட்டன் நேவி பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். அவர் அதைக் கொண்டுவந்த மாரிமழைக் காலத்தில் வீட்டில் ஒருவரைப் பாம்பு கடித்து, அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது நாகம்மா.

மாமா போனில் அந்த மாதிரி முகத்தைத் தேடி எடுத்து எனக்குக் காட்டினார். வெள்ளைக்காரரின் பழங்கதை ஒன்றில் வருகிற பெண். அவளைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்களாம். ஒருவன் வந்து தலையை வெட்டிக் கொண்டு போனானாம். அவர்கள் செதுக்குவது அந்த வெட்டிய தலையைத்தான்.

இரண்டு மாதம் மாமா அந்த வீட்டுக்கு நடந்தார். எடைக்கு எடை பவுண் தருவதாகச் சொன்னார். அதில் மகளுக்கு ஒரு காப்பு அடிக்கலாம் என்றார். புஷ்பவதி அன்ரி அசையவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே போன் எடுத்து, “வெள்ளிக்கிழமை வந்து கொண்டு போங்கோ தம்பி” என்றார்.

என்னை ஏன் கூட்டிப்போனார் என்றால், அந்தப் பேணியைத் துடைப்பதும் பஞ்சு மாற்றுவதும் நான்தான். மற்றப்படி நான் ஒன்றுக்கும் உதவாதவள். பள்ளிக்கூடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனாலேயே ஓ.எல். சோதனை எடுக்காமல் நின்றுவிட்டேன். வெளி ஆட்களுக்கு முன்னால் இப்போதும் அப்படித்தான்.

வாசலில் அன்ரியின் மகள் லோஜினி அக்கா நின்றார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“பேர் என்ன?”

நான் மாமாவைப் பார்த்தேன்.

“நிவேதிகா. அக்காவின்ர மகள்” என்றார் மாமா.

“ஏன், அவவுக்கு வாய் இல்லையோ? வயரிங் இழுத்துவிட மறந்திட்டீங்களோ அண்ணை?”

குசினியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி தந்தபோதும் நான் தலையைத்தான் ஆட்டினேன். “ஐயோ, நல்ல மருமகள். ஆருக்குக் கிடைக்கப்போறாவோ, அந்த வீட்டில சண்டையே வராது” என்றார் லோஜினி அக்கா.

புஷ்பவதி அன்ரி குளித்து, ஈரத் தலையோடு வந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன தம்பி, தாடி?”

“கந்தளாயில சித்தப்பா செத்துப் போயிட்டார். முப்பத்தொண்டாம் நாள் இன்னும் முடியேல்ல.”

சொன்ன பிறகுதான் மாமா நாக்கைக் கடித்தார். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதனால் நினைவும் இல்லை.

“துடக்கோட வந்திட்டீங்களே! சாமி அறைக்குள்ள வரேலாது.”

“அப்ப முப்பத்தொண்டு முடிய வாறனே?”

“இண்டைக்கு விட்டா எனக்கு மனம் மாறிடும்.” அன்ரி என் பக்கம் திரும்பினார். “பிள்ளை அக்காவின்ர மகள்தானே? தாய் கலியாணம் கட்டிப் போன வீட்டுப் பிள்ளை. அவவுக்குத் துடக்கில்லை. அவ வாங்கட்டும்.” பிறகு குரலைக் குறைக்காமலே, “பிள்ளை, உமக்கு மாசச் சுகயீனம் ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டியபோது என் காதுகள் சுட்டன.

மாமா வெளியே போய், சாமி அறையின் சின்ன ஜன்னலுக்கு அப்பால் மணலில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போய் ஒரு மூலையில் ஒட்டினேன். பெண்கள் எல்லோரும் வந்து அமர்ந்தார்கள்.

அன்ரி கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து புரூச்சை எடுத்து ஒரு வெண்கலத் தட்டத்தில் வைத்தார். அவர் கதைத்தது அதனோடுதான்.

“என்ர மகன் மதுசன் வள்ளத்தில போன நாள் தொட்டு உன்னட்டக் கேக்கிறன். அவுஸ்திரேலியாவுக்கெண்டு போனவன். போய்ச் சேந்தானோ, கடலோட போனானோ, ஒரு சொல்லுச் சொல்லெண்டு கேட்டன். கனவிலயாவது வந்து சொல்லெண்டன். பதின்மூண்டு வருஷம். நீ வாய் திறக்கேல்ல. கதையாத சாமியை வச்சு நான் என்ன செய்யிறது? போ. ஆனா அழுக்கோட அனுப்பமாட்டன். குளிக்க வாத்து, நல்லாத்தான் அனுப்புவன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் அது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பூவும் குங்குமமும் தவிர ஒன்றும் அதன் மேல் பட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் அபிஷேகம்.

பால் ஊற்றினார். துடைத்தார். இளநீர் ஊற்றினார். துடைத்தார். நான் மூச்சு விட்டேன். லோஜினி அக்கா ஒரு கண்ணாடிக் கோப்பையை முன்னே தள்ளினார். நிறைய எலுமிச்சம் சாறு. விதை எடுத்து வடித்தது.

“இதுக்குள்ளயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும் அம்மா. பவுண் பளபளக்கும்.”

ஜன்னலில் மாமாவின் முகம் இல்லை. பிறகு கேட்டேன், அவரை யாரோ போனில் கூப்பிட்டார்களாம். நான் அந்த வெறும் கம்பிகளைப் பார்த்தேன். தொண்டையில் அதே அடைப்பு. அன்ரியின் விரல்கள் விட்டன. புரூச் சாற்றுக்குள் இறங்கியது. பாம்புகளின் வளைவுகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. சோடாப் போத்தலைத் திறந்தது போல.

நான் கத்தினேன்.

“வேண்டாம்! எடுங்கோ! முகம் அழிஞ்சு போகும்! எடுங்கோ!”

என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. பாய்ந்து போய்க் கோப்பைக்குள் கையை விட்டு எடுத்தேன். செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது. தலைமயிர் கழன்று முகத்தில் விழுந்தது. கை, கால், தாடை எல்லாம் நடுங்கின. முகத்தைத் தடவிப் பார்த்தேன். மூக்கு இருந்தது. பாம்புகள் இருந்தன. குமிழி நின்றுவிட்டது.

நிமிர்ந்தபோது அறையில் ஒருவரும் அசையவில்லை.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி குரவையிட்டாள். மற்றவள் சேர்ந்துகொண்டாள். “தாயே! வந்திட்டியா தாயே!” என்று யாரோ என் நெற்றியில் ஒரு பிடி குங்குமத்தை அப்பினார்கள். அது கண்ணுக்குள்ளும் போனது. ஒரு கொத்து வேப்பிலை என் கைக்குள் வந்தது. என்னை வாயில்லாதவள் என்று சிரித்த லோஜினி அக்கா நிலத்தில் விழுந்து, என் காலைப் பிடித்து, “பிழை பொறுத்துக்கொள் அம்மா, பகிடிக்குச் சொன்னனான், பிழை பொறுத்துக்கொள்” என்று அழுதார்.

நான் திகைத்துப் போனேன். பின்னால் சுவர். முன்னால் கும்பிட்ட கைகள். மற்றவர்களுக்கு உரு வந்து ஆடுவதைக் கோயிலில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களும் உள்ளே இப்படித்தான் பயந்துகொண்டு நின்றார்களோ என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது.

“நான் அம்மன் இல்லை” என்றேன். “நான் நிவேதிகா. சங்குக்குப் புளிப்பு ஆகாது. அதுதான்.”

“சோதிக்கிறா” என்றாள் குரவையிட்டவள். “முதல்ல அப்பிடித்தான் சொல்லுவா.”

புஷ்பவதி அன்ரி மட்டும் கத்தவில்லை, கும்பிடவும் இல்லை. முழங்காலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். அவருடைய உதடு வெளுத்திருந்தது.

“போகமாட்டன் எண்டு சொல்லுறியோ? நான் அனுப்ப வெளிக்கிட்ட பிறகுதானோ உனக்கு வாய் வந்தது?” அவர் குரல் உடைந்தது. “அப்ப சொல்லு. மதுசன் எங்க?”

அப்போது ஜன்னலில் மாமா வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டும். கம்பிக்குள் முகத்தை நுழைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“கூடப் போறன் எண்டு சொல்லு பிள்ளை. வாங்க வந்தவையோட போறன் எண்டு சொல்லு. அவ்வளவுதான்.”

நான் அவரைப் பார்த்தேன். எனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்த மாமா. பேணிக்குப் பஞ்சு மாற்றும்போது மூச்சுப் படக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொள்கிற மாமா. அவருடைய கண் என் முகத்தில் இல்லை, என் கையில் இருந்த முகத்தில் இருந்தது. குங்குமம் எரிந்ததை விட அதுதான் என்னை எரித்தது.

“சொல்லு தாயே” என்றார் அன்ரி. “இருக்கிறானோ? இல்லையோ?”

“எனக்குத் தெரியாது” என்றேன். அது உண்மை. அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்ரியின் முகம் முதலில் விழுந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

“தெரியாதாம்” என்றார். “கேட்டியளே? அம்மனுக்குத் தெரியாதாம். செத்தவையெல்லாம் அவவைக் கடந்துதானே போக வேணும். கடலில போயிருந்தா அவ கண்டிருப்பா. காணேல்ல. அவன் அவவைக் கடந்து போகேல்ல!”

அவர் சிரித்தார். வாய் விட்டு, பல் தெரிய, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். லோஜினி அக்கா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார். ஒரு மனிதர் சிரிப்பதைப் பார்த்து நான் அப்படிப் பயந்தது இல்லை.

அன்ரி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புரூச்சை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, “தம்பி, குறை நினையாதேங்கோ. அவ வரமாட்டா” என்றார்.

கண்டி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். நான் குங்குமத்தைத் துடைத்துத் துடைத்துக் கைலேஞ்சி முழுக்கச் சிவப்பாக்கினேன். பஸ் சீனக்குடா தாண்டியதும் மாமா சொன்னார்:

“நான் சொல்லச் சொன்னது பொய். சரி. நீ சொன்னதைக் கேட்டு அந்த மனிசி சிரிச்சுதே, அது என்ன பிள்ளை?”



அடுத்த வெள்ளி காலையில் எங்கள் வாசல் படலைக்கு முன்னால் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நிவே, உன்னைத்தான் கேக்கினம்” என்றார். அம்மாவின் குரலில் ஒரு புது மரியாதை இருந்தது.

புஷ்பவதி அன்ரி புதுச்சேலை உடுத்தியிருந்தார். அவரோடு ஐந்தாறு பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் உறைக்குள் ஒரு படம். பையன்களின் படங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவன், தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒருவன். எல்லோரும் அந்த ஒரே வள்ளத்தில் போனவர்கள்.

பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்து வந்தார்கள். ஒருவர் மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படலையடியில் நின்றார்.

“கிண்ணியாவில இருந்து வாறா. நபீஸா” என்றார் அன்ரி.

“நான் கும்பிட வரல்ல மகள்” என்றார் நபீஸா. “கேட்டுட்டுப் போகத்தான் வந்த.”

அன்ரி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சிவப்புப் பட்டுத்துணி. அதற்குள் அந்த முகம். “கண்ணாடிக்குள்ள இருந்து அவ கதைக்கேல்ல. உம்மட வாயாலதான் கதைச்சவ. அவ உம்மட்டத்தான் இருக்க வேணும். பவுண் ஒண்டும் வேண்டாம்.” கிட்டே வந்து என் சட்டைக் கழுத்தடியில் அதைக் குத்தினார். கொக்கி கொளுவியது. சங்கின் குளிர் என் தொண்டைக் குழியில் பட்டது.

மாமா பின்னறை வாசலில் நின்றார். தேடியது வீட்டுக்கே வந்துவிட்டது. “வாங்கு பிள்ளை” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

பெண்கள் நிலத்தில் அமர்ந்து படங்களை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். இனி நான் தெரியாது என்றால் போதும். எல்லோரும் சிரித்துக்கொண்டு போவார்கள். அடுத்த வெள்ளியும் வருவார்கள்.

நான் கொக்கியைக் கழற்றினேன். தொண்டை அடைத்தது. அடைத்தபடியே கதைத்தேன்.

“இது அம்மன் இல்லை அன்ரி. இது வெள்ளைக்காரரின்ர கதையில வாற ஒரு பொம்பிளை. தலைமயிர் பாம்பு. ஒருத்தன் போய் அவவின்ர தலையை வெட்டினவன். இது அந்த வெட்டின தலை.”

அம்மா வாயில் கையை வைத்தார். மாமா “ஐயோ” என்றார். ஒரு பெண் தன் மடியிலிருந்த படத்தைச் சட்டென்று முந்தானையால் மூடினாள், அந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

“அப்ப நீ ஏன் கத்தின?” என்று படலையடியிலிருந்து நபீஸா கேட்டார்.

“முகம் கரையப் பாத்தது. அதுக்குத்தான். எனக்குள்ள ஒருத்தரும் வரேல்ல.”

அன்ரி நின்ற இடத்திலேயே நிலத்தில் அமர்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். என்னிடமிருந்து புரூச்சை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கழுத்தடியில் பாம்பு முடிச்சுப் போட்டிருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். இவ்வளவு வருடமும் அதை மாலை என்று நினைத்திருப்பார்.

“என்ன செய்தவ, வெட்டுறதுக்கு?”

“ஒண்டும் செய்யேல்ல. ஒதுக்குப்புறமாத் தன்ர பாட்டில இருந்தவ. ஒரு ராசா கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினவன்.”

“தலையைக் கொண்டு போனவன். உடம்பு?”

“தெரியாது.”

“தாய்க்கு அறிவிச்சவங்களோ?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நிலத்தைப் பார்த்தார்.

“கதையில அது இல்லை அன்ரி” என்றேன்.

அன்ரி தலையை ஆட்டினார். அந்த முகத்தை முந்தானையால் துடைத்தார், நெற்றியிலிருந்த குங்குமம் முழுக்கப் போகும்வரை. பிறகு பட்டுத்துணியை விட்டுவிட்டு அதை வெறுமனே உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“ஆர் பெத்ததோ” என்றார். “என்னோடயே இருக்கட்டும்.”

அவர் முன்னால் நடக்க மற்றவர்கள் படங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நபீஸா மட்டும் ஓட்டோவில் ஏறுமுன் தன் மகனின் படத்தை என் பக்கம் ஒருமுறை உயர்த்திக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்த்தேன்.